பழம் கேட்ட பொந்து

மூடுபனி தவழும் ஒரு மலைக்காட்டில் கொண்டையன் என்ற ஆண் இருவாச்சியும் தூவி என்ற பெண் இருவாச்சியும் குடும்பம் நடத்திவந்தார்கள்.

இருவாச்சிகளின் வழக்கமே தனி. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை உயர்ந்த மரத்தின் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருக்கும். ஆண் பறவை காடெல்லாம் சுற்றிப் பழம் கொண்டுவந்து அந்தக் கீறலில் வைக்கும். உள்ளே இருப்பவளை ஆண் பறவையால் பார்க்க முடியாது. வைத்த பழம் உள்ளே போனால் அவள் நலமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

போன பருவத்தில் அவர்கள் ஒரு வெடிப்பலா மரத்தில் குடியிருந்தார்கள். இடி விழுந்து அந்த மரத்தின் மேல்புறம் பிளந்துபோயிற்று. முட்டை போயிற்று. தூவி மட்டும் மேலே இருந்த பிளவு வழியாகத் தப்பி வந்தாள். அவள் பூசிய சுவர் உடையாமல் அப்படியே நின்றது.

இந்தப் பருவத்தில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு நாங்கு மரத்தில் பொந்து பார்த்தார்கள். குஞ்சு பொரிந்தது. அதற்கு ஓரளவு சிறகு முளைத்ததும், தூவி சுவரைக் கொத்தி வெளியே வந்தாள். வளரும் பிள்ளைக்கு ஒருவன் கொண்டுவரும் தீனி போதாது அல்லவா? அவள் வெளியேறியதும் குஞ்சு உள்ளிருந்தபடியே வாசலை மறுபடி அடைத்துக்கொண்டது. இருவரும் மாறி மாறி ஊட்டினார்கள்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. மழைக்காற்றில் முறிந்த கிளை ஒன்று தூவியின் மேல் விழுந்துவிட்டது.

கொண்டையன் வந்து பார்த்தபோது அவள் அத்திமரத்தடியில் சிறகு விரிந்து கிடந்தாள். தன் அலகால் அவள் அலகைத் தட்டினான். தொண்டையில் வைத்திருந்த பழம் ஒன்றைக் கக்கி அவள் வாயருகே வைத்தான். பழம் வைத்த இடத்திலேயே கிடந்தது. எறும்புகள் வரிசையாக வந்த பிறகுதான் அவன் எழுந்து பறந்தான்.

அன்றிலிருந்து அவனை ஒரே கேள்வி அரித்தது. உடம்பு மரத்தடியில் கிடந்தது, சரி. ஆனால் தன்னோடு சண்டை போட்ட, தனக்காகக் காத்திருந்த அந்த உயிர் எங்கே போயிற்று?

வழியில் கண்டவர்களையெல்லாம் கேட்டான். உயிர் உச்சிக்கிளைக்குப் போகும், அங்கேதான் கொழுந்து நிறைய என்றது கருமந்தி. மண்ணுக்குள் போகும், அங்கேதான் கிழங்கு இருக்கிறது என்றது காட்டுப்பன்றி. பிணந்தின்னிக் கழுகு மட்டும் கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தது.

“நான் எத்தனையோ பேரைத் தின்னிருக்கேன் தம்பி. உயிர் மாதிரி எதுவும் வாயில தட்டுப்பட்டதில்லை. ஆனா எனக்கு ருசி கொஞ்சம் மட்டு, அதையும் சொல்லிடணும்” என்றது.

அவரவர் வயிறு சொன்னதை அவரவர் வாய் சொல்லிற்று. அதே நாங்கு மரத்தின் மேல்கிளையில் கூடு கட்டியிருந்த செம்பி என்ற மலையணிலையும் கேட்டான். அவள் கணவனை முந்தைய கோடையில் ராசாளி தூக்கிப்போயிருந்தது.

“எனக்குத் தெரியாது கொண்டையா. அவர் போனப்பவும் தெரியலை, இப்பவும் தெரியலை. உன் பிள்ளைக்குப் பசிக்குது, அது மட்டும் தெரியுது” என்றாள் செம்பி.

இந்தப் பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. நாம் கேட்க விரும்பாத பதிலை எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் அது காதில் ஏறுவதில்லை.

ஒரு நாள் நடுப்பகலிலேயே பனி இறங்கிவிட்டது. எதிர் மரம் தெரியவில்லை. குஞ்சுக்குப் பழம் எடுத்துக்கொண்டு பறந்த கொண்டையன் வழி தப்பி, பழைய வெடிப்பலா மரத்தில் வந்து உட்கார்ந்தான். கண்ணெதிரே தூவி பூசிய சுவர். அவள் அலகு பதிந்த தடங்கள்கூட அதில் அழியாமல் இருந்தன.

என்ன செய்கிறோம் என்று நினைக்காமலே ஒரு பழத்தைக் கக்கிக் கீறலில் வைத்தான்.

பழம் உள்ளே போயிற்று.

கொண்டையன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கழுத்துச் சிறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. இன்னொரு பழம் வைத்தான். அதுவும் மெதுவாக, இருட்டுக்குள் இழுபட்டது.

“தூவி! நீதானா?” என்றான்.

உள்ளே ஏதோ புரண்டது. பிறகு கரகரத்த குரல் ஒன்று வந்தது.

“நானில்லாம வேற யாரு?”

“உன் குரல் ஏன் இப்படி இருக்கு?”

“செத்தவங்க தொண்டை பின்னே எப்படி இருக்கும்?”

அவன் கிளையை இறுகப் பற்றிக்கொண்டான். ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் இந்தக் குரல் போய்விடுமே என்றும் இருந்தது.

“அங்கே எப்படி இருக்கு தூவி?”

“இருட்டா இருக்கு. குளிரா இருக்கு. பசிக்குது.”

“செத்த பிறகும் பசிக்குமா?”

“பசி மட்டும்தாங்க மிச்சம் இருக்கு.”

கொண்டையன் குஞ்சுக்காகக் கொண்டுவந்த பழங்களை ஒவ்வொன்றாகக் கக்கி வைத்தான். எல்லாம் உள்ளே போயின. கடைசிப் பழம் போனதும் குரல் சொல்லிற்று: “நாளைக்கும் வாங்க. ஆனா என்னை எட்டிப் பார்க்காதீங்க. பார்த்தா போயிடுவேன்.”

அவன் பனிக்குள் தடுமாறிப் பறந்தான். பயமும் ஆனந்தமும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவள் இருக்கிறாள்! எங்கோ ஓர் இருட்டில், பசியோடு, ஆனால் இருக்கிறாள்!

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் யாரென்று நாமாவது தெரிந்துகொள்வோம். கருமூஞ்சி என்ற மரநாய் அவன். இரவெல்லாம் அலைந்துவிட்டுப் பகலில் பொந்துக்குள் சுருண்டு உறங்குபவன். மேலே இருந்த பிளவு வழியாக அந்த வெடிப்பலாவில் குடியேறியிருந்தான். தூக்கத்தில் மூக்கருகே பழம் வந்து விழுந்தால் எவன்தான் வேண்டாமென்பான்?

தூவி என்ற பெயரை அவனுக்குச் சொன்னதே கொண்டையன்தான். மற்றதையும் கொண்டையனே சொன்னான். “அத்திமரத்தடியில நீ கிடந்தியே” என்று அழுவான். மறுநாள் குரல், “அத்திமரத்தடி ஈரம் இன்னும் முதுகுல இருக்குங்க” என்னும். “பிள்ளை உன்னை மாதிரியே இருக்கு” என்பான். “என் கண்ணு அதுக்கு, இல்லீங்களா?” என்னும் குரல். தான் கொடுத்ததைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டு, இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று மெய்சிலிர்த்தான் அந்த அப்பாவி.

ஒன்று மட்டும் அவனுக்கு இடித்தது. உயிரோடிருந்தவரை தூவி அவனை “இந்தாய்யா” என்றுதான் கூப்பிட்டாள். வாங்க, போங்க என்று ஒரு நாளும் சொன்னதில்லை. செத்த பிறகு மரியாதை வந்துவிட்டது போலிருக்கிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான். நம்பவேண்டும் என்று முடிவு செய்தவனுக்குச் சமாதானமா கிடைக்காது?

இப்படியே நாட்கள் போயின. நல்ல பழமெல்லாம் வெடிப்பலாவுக்குப் போயிற்று. மிச்சம் மீதிதான் நாங்கு மரத்துக்கு வந்தது. சில நாள் அதுவும் இல்லை. முதலில் காடே அதிரக் கத்திய குஞ்சு, பிறகு முனகியது. பிறகு கீறலில் அலகு நுனியை வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. செம்பிதான் தன்னால் முடிந்த பழத்துண்டுகளைக் கொண்டுவந்து தள்ளிவிட்டாள்.

கொண்டையனும் துரும்பாக இளைத்துப்போனான். ஒரு நாள் செம்பி அவனை வழிமறித்தாள்.

எங்கே போகிறாய் என்று அவள் கேட்டதும், ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பேசப் பேச அவன் கண்கள் பளபளத்தன. செம்பிக்கு அதைப் பார்க்கவே நடுக்கமாக இருந்தது.

“அந்த மரத்து உச்சியில பிளவு இருக்கே. ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வாயேன்” என்றாள்.

“பார்த்தா போயிடுவாளாம்.”

“யார் சொன்னது?”

“அவதான்.”

செம்பி வாலைச் சுருட்டிக்கொண்டாள்.

“எனக்கும் அப்படி ஒரு குரல் கேட்க ஆசைதான் கொண்டையா. அவர் குரல் மாதிரி ஒண்ணு எங்கேயாவது கேட்டுதுன்னா நானும் கண்ணை மூடிக்கிட்டுப் போயிருப்பேன். அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு” என்றாள்.

கொண்டையன் பறந்துவிட்டான்.

வெடிப்பலாவில் கருமூஞ்சிக்குப் பழம் சலித்துப்போயிருந்தது. குஞ்சைப் பற்றித் தினமும் கேட்டுக் கேட்டு அவன் நாக்கு ஊறிப்போயிருந்தது. அவன் நினைப்பில் அது கொழுகொழுவென்ற குஞ்சு, தப்பிக்கச் சிறகு முற்றாத குஞ்சு! நாங்கு மரத்துச் சுவர் ஒன்றுதான் குறுக்கே நின்றது. மண்ணும் எச்சமும் இறுகிக் கல்லாகிவிட்ட சுவர் அது. பெரிய அலகு இல்லாமல் அதை உடைக்க முடியாது.

அன்று குரல் அழுதது.

“பழம் வேண்டாங்க. பிள்ளையைப் பார்க்கணும்.”

“எப்படிப் பார்ப்பே தூவி?”

“சுவரை உடைச்சு வையுங்க. சாயங்காலம் பனி இறங்கினதும் நான் வரேன். உள்ளே போய்ப் பிள்ளையைக் கட்டிக்கிட்டு இருந்துடுவேன். அப்புறம் நான் உங்களை விட்டு எங்கேயும் போகமாட்டேன்.”

எங்கேயும் போகமாட்டேன். அவன் ஆசைப்பட்டதெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்குத்தானே? கொண்டையன் சிறகு ஒடிய நாங்கு மரத்துக்குப் பறந்தான்.

வந்ததும் வராததுமாகச் சுவரைக் கொத்தத் தொடங்கினான். செம்பி மேலே இருந்து வேண்டாம் வேண்டாம் என்று கதறினாள். அவன் காதில் விழவில்லை. சுவரின் ஓரம் பெயர்ந்து விழுந்தது. கீறல் பெரிதாயிற்று. இன்னொரு கொத்து கொத்த அலகை ஓங்கினான்.

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. டொப், டொப், டொப்.

ஓங்கிய அலகு அந்தரத்திலேயே நின்றது. அது தூவியின் சத்தம். அலகைப் பக்கவாட்டில் சாய்த்து, ஈர மண்ணை அறைந்து அறைந்து அவள் சுவர் பூசும் சத்தம். மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்து அவன் கேட்ட சத்தம்.

குனிந்து கீறலில் கண்ணை வைத்துப் பார்த்தான். உள்ளே குஞ்சு நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. ஆனாலும் அவன் பெயர்த்த மண்ணைக் கீழிருந்து பொறுக்கி, தன் எச்சத்தில் குழைத்து, அவன் திறந்த இடத்தில் மறுபடி பூசிக்கொண்டிருந்தது. வெளியே உடைப்பவன் அப்பன் என்று அதற்குத் தெரியாது. யார் உடைத்தாலும் அடைக்கவேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

கொண்டையன் அப்படியே நின்றான்.

தூவியும் இப்படித்தான் இருந்தாள். சிறகை உதிர்த்துவிட்டு, பறக்கவும் முடியாமல், திரும்பவும் இடமில்லாமல், இந்தச் சுவருக்குப் பின்னால் தன்னைத் தானே சிறைவைத்துக்கொண்டாள். ஒரு முறை சுவர் இற்றுவிட்டதா என்று பார்க்க அவன் ஓரத்தைச் சுரண்டியபோது, புருஷன் என்றும் பார்க்காமல் கீறல் வழியாக அவன் மூக்கிலேயே ஒன்று போட்டாள். அவளா உடைக்கச் சொல்வாள்? எந்த இருவாச்சித் தாய் தன் பிள்ளையின் சுவரை உடைக்கச் சொல்வாள்?

அவனுக்கு எல்லாம் விளங்கிற்று. விளங்கிய வேகத்தில் தூவி அவனுக்கு இரண்டாம் முறையும் செத்துப்போனாள். இந்த முறை வலி கூடுதலாக இருந்தது. கிளையில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதான். செம்பி இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பழம் கொண்டுவந்தான். மூன்று நான்கு நடை. குஞ்சு தின்றுவிட்டு மறுபடி பூச்சு வேலையைப் பார்த்தது. அவனும் ஆற்றங்கரை ஈரமண்ணை எடுத்துவந்து வெளியே இருந்து பூசினான்.

சாயங்காலம் பனி இறங்கியது. காட்டில் சத்தம் அடங்கிற்று. கொண்டையன் பொந்துக்கு மேலே இருந்த கிளையில் இலைகளுக்குள் மறைந்திருந்தான்.

கீழே ஏதோ வந்தது. சிறகடிக்கும் சத்தம் இல்லை. மரப்பட்டையில் நகம் பற்றி ஏறும் சத்தம். பிறாண்டும், நிற்கும். மறுபடி பிறாண்டும். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது.

பனிக்குள்ளிருந்து அந்தக் கரகரத்த குரல் கேட்டது. “என்னங்க... உடைச்சிட்டீங்களா?”

பொய் என்று தெரிந்த பிறகும், அந்தக் குரலைக் கேட்டதும் ஒரு கணம் அவன் நெஞ்சு துள்ளத்தான் செய்தது. அதற்காக அவனைக் குறை சொல்ல முடியாது.

“வா தூவி” என்றான். “உனக்காகத்தான் காத்திருக்கேன்.”

இரண்டு கண்கள் பனியில் மினுங்கின. கறுத்த மூஞ்சி ஒன்று சுவரை எட்டிக் கீறலில் மூக்கை நுழைத்தது. உள்ளேயிருந்து குஞ்சு மூக்கில் ஒரு போடு போட்டது. மேலேயிருந்து கொண்டையன் பாறாங்கல் போல விழுந்தான். அவன் அலகு கருமூஞ்சியின் முதுகில் இறங்கியது. மரநாய் அலறிக்கொண்டே கிளை கிளையாக மோதித் தரையில் போய் விழுந்தது. காலை இழுத்து இழுத்து அது ஆற்றைக் கடந்து அடுத்த மலைக்குப் போனதை, பின்தொடர்ந்து போன செம்பி தன் கண்ணால் பார்த்தாள்.

அதற்குப் பிறகு கொண்டையன் ஒரு வேளையும் தவறவிடவில்லை. குஞ்சு தேறிற்று. பழையபடி காடு அதிரக் கத்தியது.

ஒரு பிற்பகல், தொண்டை நிறையப் பழத்தோடு அவன் வெடிப்பலா மரத்தைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தான். பனி கனத்திருந்தது. மரத்தைக் கடக்கும்போது, அந்தப் பொந்துக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

“பசிக்குது.”

கொண்டையன் கிளையில் இறங்கினான். கருமூஞ்சி இந்த மலையைவிட்டே போய்விட்டான். அப்படியானால் இது யார்? குரல் கரகரப்பாகவும் இல்லை. காற்று பிளவில் நுழைந்து எழுப்பிய ஒலியோ, வேறு ஏதாவது பிராணியோ, அல்லது...

உச்சிப் பிளவு அலகுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆற்றங்கரைப் பக்கத்திலிருந்து குஞ்சு கத்துவது அதே நேரத்தில் கேட்டது.

அவன் சுவரின் அருகே போய் மெதுவாகப் பேசினான்.

“நீ தூவியா இருந்தா, நான் யாருக்கு இந்தப் பழத்தைக் கொண்டுபோறேன்னு உனக்குத் தெரியும். கொஞ்சம் பசி பொறுத்துக்குவே. நீ தூவி இல்லைன்னா, பசியோட கிட.”

பொந்து பதில் சொல்லவில்லை. அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு பிள்ளை கத்திய திசையில் பறந்தான்.

பருவம் முடியும்போது நாங்கு மரத்துக் குஞ்சு தன் சுவரைத் தானே கொத்தி உடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

இறந்தவரின் உயிர் எங்கே இருக்கிறது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அவர் உயிரைக் கொடுத்துக் காத்ததை உடைக்கச் சொல்லும் குரல் நிச்சயமாக அவருடையது அல்ல.